பாரம் ஏறினால் நிற்கும் மெசின்: கல்லடி வீடொன்றில் ட்ரெட்மில் பழுது

முறைப்பாடு கொஞ்சம் விசித்திரமானது. டீச்சர் நடந்தால் ட்ரெட்மில் நிற்பதில்லை. சேர் ஏறினால் நாலைந்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது.

டீச்சரும் சேரும் கணவன் மனைவி, இருவரும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். வீடு கல்லடியில், மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் மணல் நிலத்தில், கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். இருவருக்கும் சீனி வருத்தம். கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் நடக்கச் சொல்லித்தான் அனுப்புவார்கள். கடற்கரையில் நடக்கலாம், பாலத்தடியில் நடக்கலாம். ஆனால் சேருக்கு முழங்கால் சரியில்லை. மணலில் கால் புதைந்தால் அன்றைக்கு முழுக்க வலி. மாரி தொடங்கிவிட்டால் வெளியே இறங்குவதே பாடு. விடியப்புறத்தில் தெருநாய்கள் வேறு. கட்டாரில் இருக்கும் மகன் காசு அனுப்ப, 2019இல் ஒரு மெசின் வீட்டுக்கு வந்தது. மடித்து வைக்கும் வகை. 2 குதிரைவலு, மணிக்கு 14 கிலோமீற்றர் வரை, 110 கிலோ வரை தாங்கும் என்று பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.

சேர் 94 கிலோ. முழங்காலுக்காக மணிக்கு 2.5 கிலோமீற்றர் வேகத்தில்தான் நடப்பார். ஏறிக் கொஞ்ச நேரத்தில் மோட்டர் முனகத் தொடங்கும், பெல்ட் இழுபடும், திரையில் ஒரு பிழை இலக்கம் வந்து எல்லாம் நிற்கும். இருபது நிமிடம் போல விட்டால் ஒன்றும் நடக்காதது மாதிரித் திரும்ப ஓடும். டீச்சர் 62 கிலோ. 4.5 கிலோமீற்றர் வேகத்தில் அரை மணி நேரம் நடந்தாலும் நிற்காது.

"தம்பி, இவர் ஏறினாத்தான் நிக்குது. எனக்கு ஒண்டும் செய்யிறல்ல" என்றார் டீச்சர். சேர் பதிலுக்கு, "என்ட பாரம்தானாம் பிழை" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் சாய்ந்துகொண்டார். வீட்டுக்குள்ளே தீர்ப்பு ஏற்கனவே எழுதியாகிவிட்டது என்று விளங்கியது.

இன்னொரு தீர்ப்பும் இருந்தது. தொலைபேசியில் கேட்டுவிட்டு ஒரு திருத்துபவர், "போர்ட் போயிட்டு, மாத்தத்தான் வேணும்" என்று சொல்லியிருக்கிறார். போர்ட் என்றால் மோட்டரை இயக்கும் மின்சுற்று அட்டை. அவர் கேட்ட விலை டீச்சரின் ஒரு மாத ஓய்வூதியத்தில் பெரும்பகுதி. மகன் காசு அனுப்புவதற்கு முன்னால் இன்னொருவரிடம் காட்டுவோம் என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

இரண்டு தீர்ப்பையும் மெசினே மறுக்கிறது. 94 என்பது 110க்குக் கீழே. அதே சேர், அதே பாரத்தோடு மூன்று வருடம் இதில்தான் நடந்திருக்கிறார். அடுத்தது, போன போர்ட் இருபது நிமிடம் ஓய்வெடுத்துவிட்டு எழும்பாது. சூடானால் விட்டுப்போகும் ஈயப் பற்று ஒன்றிரண்டு போர்டில் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அப்படியான பழுது ஆளின் நிறையைப் பார்த்து வராது. டீச்சரின் அரை மணி நேரத்திலும் ஒருநாள் வந்திருக்க வேண்டும்.

பிழை இலக்கத்தை நம்பி நான் எதையும் தொடங்குவதில்லை. ஒரே இலக்கம் ஒரு கம்பனியில் வயர்த் தொடர்பு, இன்னொன்றில் வேக சென்சர். கையேடு இருந்தால் அது ஒரு துப்பு, அவ்வளவுதான். இங்கே கையேட்டில் அந்த இலக்கத்துக்கு நேரே 'மிகைச் சுமை' என்ற கருத்தில்தான் போட்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் சேரின் பாரத்தில் எல்லோரும் போய் நின்றிருக்கிறார்கள். சுமை என்றால் ஏறி நிற்கும் ஆள் மட்டும் இல்லை.

மெசின் எதை இழுக்கிறது

கொஞ்சம் உள்ளே போவோம், ஏனென்றால் இந்தப் பழுதின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தைப் போர்ட் நேர்மின்னாக, அதாவது டீ.சீ.யாக, மாற்றி, வேகத்துக்கு ஏற்றபடி வெட்டி வெட்டி மோட்டருக்குக் கொடுக்கிறது. இந்த வகை வீட்டு மெசின்களில் பெரும்பாலும் கரித் துண்டு வைத்த நேர்மின் மோட்டர். மோட்டரிலிருந்து வரிவரியான சின்ன பெல்ட் ஒன்று முன் உருளையைச் சுற்றுகிறது. முன் உருளை நாம் நடக்கும் பெரிய பெல்ட்டை இழுக்கிறது. அந்தப் பெரிய பெல்ட்டுக்குக் கீழே வழவழப்பான மேற்பூச்சுள்ள பலகை. ஆள் ஏறினால், காலுக்கும் பலகைக்கும் நடுவில் பெல்ட் நசிபடுகிறது. அப்படி நசிபட்ட பெல்ட்டைத்தான் மோட்டர் இழுக்க வேண்டும். எவ்வளவு நிறையோ அவ்வளவு உராய்வு. பலகை காய்ந்து போனால் அதே நிறைக்கு இரண்டு மடங்குக்கு மேலேகூட உராய்வு. போர்டுக்கு ஆளைத் தெரியாது, பெல்ட்டைத் தெரியாது. மோட்டர் எத்தனை அம்பியர் குடிக்கிறது என்பது மட்டும் தெரியும். அளவுக்கு மேல் நீடித்தால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நிறுத்திவிடும்.

இப்போது வேகத்துக்கு வருவோம். மெதுவாக நடந்தால் மெசினுக்கு இலேசு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மோட்டருக்கு அது நேர்மாறு. இந்த மோட்டர் குடிக்கும் அம்பியர் பெரும்பாலும் இழுவையைப் பொறுத்தது, வேகத்தைப் பொறுத்தது அல்ல. மெதுவாக ஓடும்போதும் அதே இழுவைதான். ஆனால் மோட்டரைக் குளிராக்கும் விசிறி அதன் தண்டிலேயே பூட்டியிருக்கிறது. மோட்டர் மெதுவாகச் சுற்றினால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். கால்வரை புதையும் மணலில் சைக்கிள் உழக்குவது போல: வேகம் இல்லை, காற்றும் இல்லை, வியர்வை மட்டும் உண்டு. கூடின பாரமும் குறைந்த வேகமும் சேர்ந்த ஆள் சேர். குறைந்த பாரமும் கூடின வேகமும் சேர்ந்த ஆள் டீச்சர். மெசின் ஆள் பார்த்து நின்றதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம் என்பது என் முதல் ஊகம். அளந்துதான் பார்க்க வேண்டும்.

அளவுகள்

முன் மூடியைக் கழற்றுவதற்கு முன்னால் பிளக்கைப் பிடுங்கிச் சில நிமிடம் விடவேண்டும். போர்டில் இருக்கும் பெரிய கப்பாசிட்டர்கள் கரண்ட் போன பிறகும் கொஞ்ச நேரம் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மூடி இல்லாமல் ஓடவிட்டு அளக்கும் வேலையை வீட்டுக்காரர் செய்யக் கூடாது. சுற்றும் உருளைக்குச் சாரத்தின் நுனியும் ஒன்றுதான், சால்வையின் நுனியும் ஒன்றுதான்.

முதலில் சுவர்ப் பக்கம், கிளாம்ப் மீற்றரால், அதாவது வயரைக் கவ்விப் பிடித்து அம்பியர் அளக்கும் கருவியால். சேர் நடக்கும்போது 4.9 அம்பியர். டீச்சர் நடக்கும்போது 4.7. காலடி விழும்போதெல்லாம் இலக்கம் ஆடும், நடுவாக எடுத்தது இது. இந்த இரண்டையும் மட்டும் பார்த்தால் ஆளுக்கு ஆள் வித்தியாசமே இல்லை என்று தோன்றும், பிறகு போர்டில்தான் பழி விழும். சுவர்ப் பக்க அளவு சொல்வது மொத்த வலு. அதில் டீச்சரின் வேகமும் கலந்திருக்கிறது.

பிறகு போர்டிலிருந்து மோட்டருக்குப் போகும் வயரில், நேர்மின் அளக்கும் கிளாம்ப் மீற்றரால். சேருக்கு 11 அம்பியர். டீச்சருக்கு 8. மோட்டரின் தகட்டில் எழுதியிருப்பது 9. கதை முழுவதும் இந்த மூன்று இலக்கத்துக்குள் இருக்கிறது. சேர் தகட்டு அளவுக்கு மேலே, அதுவும் விசிறி வேலை செய்யாத வேகத்தில். டீச்சர் மயிரிழையில் கீழே. இன்னும் கொஞ்ச மாதம் இப்படியே விட்டிருந்தால் டீச்சருக்கும் நின்றிருக்கும்.

62 கிலோவுக்கு 8 அம்பியர் என்பதே அநியாயம். ஆக, பிழை சேரின் உடம்பில் இல்லை. (இதைச் சொன்னதும் சேர் கதிரையிலிருந்து நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தார்.)

வேக சென்சரையும் ஒரு பார்வை பார்த்தேன். உருளையின் பக்கத்தில் ஒரு சின்னக் காந்தம், அதற்கு நேரே ஒரு சென்சர். காந்தம் கடக்கும் ஒவ்வொரு தடவையும் போர்டுக்குச் செய்தி போகும். அது பழுதானால் மெசின் தொடங்கிச் சில விநாடியிலேயே, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நின்றுவிடும். இங்கே அப்படி இல்லை. சென்சரை விட்டுவிட்டேன்.

ஆளில்லாமல் ஓடவிட்டபோதும் சுவர்ப் பக்கம் 1.9 அம்பியர் காட்டியது. வெறும் பெல்ட்டைச் சுற்ற இவ்வளவு தேவையில்லை. யாரோ எதையோ இறுக்கியிருக்க வேண்டும்.

பெல்ட்டுக்குக் கீழே

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெல்ட்டின் நடுப்பகுதியில் ஓரத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். சரியான இறுக்கத்தில் 5 முதல் 7 சென்ரிமீற்றர் வரை எழும்ப வேண்டும். இது 2 சென்ரிமீற்றர்கூட வரவில்லை. விரலை உள்ளே நுழைப்பதற்கே பின் உருளையின் இரண்டு போல்ட்டையும் அலன் கீயால் தளர்த்த வேண்டியிருந்தது. தளர்த்தும்போது எத்தனை சுற்று என்று இரு பக்கமும் எண்ணிக்கொள்வது நல்லது, திரும்பப் பூட்டும்போது பெல்ட் கோணாது.

கையை உள்ளே விட்டேன். ஓரங்களில் பிசுபிசுப்பு. நடுவில், இரண்டு கால் விழும் இடத்தில் மட்டும், சொரசொரப்பு. கையை வெளியே எடுத்தால் விரல் நுனியில் பழுப்பு நிறப் பசை, அதில் பொடி மணல் ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். காறல் வாசம், தேங்காய் எண்ணெய் பழசானால் வருமே, அதே வாசம்.

"சேர், இதுக்கு எண்ணெய் போட்டீங்களா?"

"ஓம், புத்தகத்தில எண்ணெய் போடச் சொல்லி இருந்தது. அந்த ஒயில் இஞ்ச எங்கயும் இல்லை. தேங்காய் எண்ணெய் நல்ல எண்ணெய்தானே எண்டு போட்டன்."

நல்ல எண்ணெய்தான், ஆனால் இந்த வேலைக்கு இல்லை. ட்ரெட்மில் பலகைக்குப் போடுவது கலப்பில்லாத சிலிக்கன் ஒயில். அது காயாது, பிசினாகாது, பெல்ட்டின் அடித்துணியையும் ரப்பரையும் தின்னாது. தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகக் காறி, தூசியைப் பிடித்து ஒட்டும் பசையாகும். தையல் மெசின் ஒயிலும், துரு இளக்க அடிக்கும் ஸ்பிரேயும் பெற்றோலிய வகை. பெல்ட்டை ஊதவைக்கும், பலகையின் பூச்சையும் கெடுக்கும். மோட்டர் சைக்கிள் உதிரிப்பாகக் கடைகளில் 'சிலிக்கன்' என்று எழுதிய ஸ்பிரே கிடைக்கும். அவற்றில் பலவற்றில் பெற்றோலியக் கரைப்பான் கலந்திருக்கும், குப்பியின் பின்பக்கத்தை வாசிக்காமல் வாங்கக் கூடாது.

பசையும் மணலும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று கல்லடிக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. மெசின் வைத்திருந்தது கடல் பக்க விறாந்தையில். காற்று வாங்கிக்கொண்டே நடக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள், நல்ல எண்ணம்தான். கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் முற்றத்துப் பொடி மணல், மாரியில் உப்பு ஈரம், இரண்டும் நேரே பெல்ட்டுக்கு மேல். உருளை சுற்றும்போது அது கீழே போகும். பலகையின் பூச்சை இரண்டு வருடமாக மணல்தாள் போட்டுத் தேய்த்தது போலத்தான்.

பூச்சு மங்கியிருந்தது, ஆனால் மரம் வெளியே தெரியவில்லை. பெல்ட்டின் அடிப்பக்கத்தில் நெசவுக் கோடு இன்னும் கைக்குத் தெரிந்தது. கண்ணாடி மாதிரி வழுவழுவென்று மினுங்கியிருந்தால் பெல்ட்டை மாற்றத்தான் சொல்லியிருப்பேன். சில மெசின்களில் பலகையைப் புரட்டிப் போட்டு மறு பக்கத்தைப் பாவிக்கலாம். இது ஒரு பக்கப் பூச்சு மட்டும் உள்ளது.

துப்புரவாக்குவதுதான் முழு வேலையிலும் நேரம் தின்றது. பெல்ட்டை நன்றாகத் தளர்த்தி, நீள அடிமட்டம் ஒன்றில் பருத்தித் துணியைச் சுற்றி, மருந்துக்கடையில் வாங்கிய சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் இலேசாக நனைத்து, பலகையையும் பெல்ட்டின் அடியையும் துடைத்தேன். பெல்ட்டைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிச் சுற்றி, துணி பழுப்பாகாமல் வரும்வரை. ஸ்பிரிட் முழுதாகக் காயும்வரை பிளக்குக்குக் கிட்டப் போகக் கூடாது, அது தீப்பிடிக்கும் சாமான். டீச்சர் இதற்குள் இரண்டு தடவை தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டார்.

காய்ந்த பிறகு சிலிக்கன் ஒயில், பக்கத்துக்குச் சுமார் 15 மில்லிலீற்றர், கால் விழும் இடத்தில் கோடாக. அதற்கு மேல் ஊற்றினால் நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. மிஞ்சியது உருளைக்குப் போய் பெல்ட் வழுக்கும், ஓரத்தில் கசிந்து திரும்பவும் மணலைப் பிடிக்கும். பெல்ட்டை 6 சென்ரிமீற்றர் எழும்பும் அளவுக்கு இறுக்கி, ஆளில்லாமல் மெதுவாக ஓடவிட்டேன். சுவர்ப் பக்கம் 0.8 அம்பியர்.

வேலை முடிந்தது என்று சாமானைக் கட்டியிருக்கலாம். சேரை ஏறச் சொன்னேன். முனகல் இல்லை. ஆனால் ஒவ்வொரு காலடிக்கும் பெல்ட் ஒரு கணம் தயங்கித் திடுக்கென்று இழுத்தது.

"இதுதான் தம்பி! முந்தி இருந்த வருத்தம் இதுதான்" என்றார் சேர்.

முதல் வருத்தம்

அப்போதுதான் பழைய கதை வெளியே வந்தது. 2022இல், நாளுக்குப் பல மணி நேரம் கரண்ட் வெட்டிய அந்தக் காலத்தில், மெசின் இப்படித்தான் திடுக்குத் திடுக்கென்று இழுத்திருக்கிறது. ஒருவர் வந்து பார்த்து, "பெல்ட் இளகிட்டு" என்று பின் போல்ட் இரண்டையும் இறுக்கிவிட்டுப் போயிருக்கிறார். கொஞ்ச நாள் சரியாக இருந்தது. திரும்ப இழுத்தது. அலன் கீ வீட்டிலேயே இருந்ததால் சேரும் இடைக்கிடை ஒரு சுற்று இறுக்கியிருக்கிறார். இறுக இறுக உராய்வு. உராய்வு கூடியதும் எண்ணெய் ஞாபகம். எண்ணெய் பசையானதும் இன்னும் உராய்வு. கடைசியில் போர்ட் நிறுத்தத் தொடங்கியது. நான் பார்க்க வந்த பழுது நான்காவது. முதலாவது இன்னும் உள்ளே இருந்தது.

திடுக்கிடலுக்கு இரண்டு காரணம் உண்டு. நடக்கும் பெரிய பெல்ட் முன் உருளையில் வழுக்கலாம், அல்லது மோட்டரின் சின்ன பெல்ட் தன் சக்கரத்தில் வழுக்கலாம். மேலே நின்று நடப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். பிரித்தறிவது கஷ்டமில்லை. மூடியைத் திறந்து, மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, ஒருவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பெல்ட்டைக் காலால் தடுத்து அழுத்த வேண்டும். உருளை சுற்றிக்கொண்டிருக்கப் பெரிய பெல்ட் மட்டும் நின்றால், அதன் இறுக்கம் போதாது. உருளையும் சேர்ந்து நின்று, மோட்டர் மட்டும் சுற்றினால், சின்ன பெல்ட். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதை யாராவது செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. சேர் அழுத்தினார், உருளை நின்றது, மோட்டர் சுற்றிக்கொண்டிருந்தது.

டோர்ச் அடித்து மோட்டரின் அடியைப் பார்த்தேன். மோட்டரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் போல்ட் நீளத் துளைக்குள் நிற்கிறது, இறுக்கம் சரிப்படுத்துவதற்காக அப்படி. போல்ட் தலையும் வாசரும் சுற்றியுள்ள இரும்பும் உப்புக் காற்றில் செந்துரு. ஆனால் வாசரின் ஒரு பக்கத்தில் மட்டும் துரு ஏறாத வெள்ளை இரும்பு, மூன்றாம் பிறை அளவுக்கு. வாசர் முன்பு மூடியிருந்த இடம் அது. போல்ட் இளகி, அந்தப் பிறையின் அகலத்துக்கு மோட்டர் உருளைப் பக்கம் நகர்ந்திருக்கிறது. ஒரு சில மில்லிமீற்றர்தான். சின்ன பெல்ட் தொய்ய அது போதும்.

போல்ட்டைக் கழற்றித் துரு சுரண்டி, ஸ்பிரிங் வாசர் ஒன்று சேர்த்து, மோட்டரைப் பின்னுக்கு இழுத்துப் பூட்டினேன். வழுக்கல் நிற்கும் அளவுக்கு இறுக்கினால் போதும்; வீணை நரம்பாக இழுத்தால் மோட்டரின் பேரிங் கெடும். சின்ன பெல்ட்டின் வரிகள் வழுக்கி வழுக்கி மினுங்கிப் போயிருந்தன, வெடிப்பு இல்லை. மாற்ற வேண்டி வந்தால் ஒரு விசயம்: வாகனத்து விசிறி பெல்ட்டும் இதே மாதிரி வரியோடுதான் இருக்கும், ஆனால் பொருந்தாது. ட்ரெட்மில்லில் இருப்பது பெரும்பாலும் 'பீ ஜே' வகை, வரிக்கு வரி 2.34 மில்லிமீற்றர். வாகனத்தில் இருப்பது 'பீ கே', 3.56 மில்லிமீற்றர். உடுப்புக் கழுவும் மெசின்களில் பலதிலும் பீ ஜே தான், அதனால் கராஜுக்குப் போவதை விட வோஷிங் மெசின் திருத்தும் கடையில் கேட்பது புத்தி. நீளமும் வரி எண்ணிக்கையும் பெல்ட்டின் முதுகிலேயே அச்சிட்டிருக்கும்.

மூடி திறந்திருந்ததால் உள்ளே கிடந்ததையும் எடுத்தேன். மணல், கரித்தூள், எறும்பு, காய்ந்த பல்லி ஒன்று. பல்லி போர்டுக்கு இரண்டு விரல் தள்ளி மாட்டிக்கொண்டதால் போர்ட் தப்பியது. அது ஏறி இரண்டு ஈயப் புள்ளியைச் சேர்த்துத் தொட்டிருந்தால் அந்தத் தொலைபேசித் தீர்ப்பு சரியாகியிருக்கும். கரித்தூளை ஊதக் கூடாது. அது மின்சாரம் கடத்தும், ஊதினால் போர்டின் மேல் போய் உட்காரும். காய்ந்த பெயின்ற் பிரஷ்ஷால் தட்டி வக்குவம் கிளீனரால் உறிஞ்சவேண்டும். போர்டின் அலுமினியச் சூட்டுத் தகட்டில் பஞ்சு மாதிரித் தூசி அடைத்திருந்தது, அதுவும் சூட்டுக்கு ஒரு பங்குதாரர். வயர் முனை ஒன்றில் பச்சை பூத்திருந்தது. கழற்றிச் சுரண்டிப் பூட்டினேன். கரித் துண்டுகள் இரண்டும் போதிய நீளம்.

திரும்ப அளந்தபோது மோட்டர் வயரில் சேருக்கு 5 அம்பியர், டீச்சருக்கு 3.5. சேர் அரை மணி நேரம் நடந்தார். மோட்டரின் மேல் கை வைக்க முடிந்தது.

பெல்ட் இடப் பக்கம் ஒதுங்கியதால் பின் உருளையின் இடப் போல்ட்டை வலஞ்சுழியாகக் கால் சுற்றுத் திருப்பினேன். ஒதுங்கும் பக்கத்து போல்ட்டை இறுக்கினால் பெல்ட் நடுவுக்குத் திரும்பும். கால் சுற்று, ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பார்ப்பது, தேவையென்றால் இன்னொரு கால் சுற்று. அவசரப்பட்டு ஒரேயடியாக முழுச் சுற்றுத் திருப்பினால் பெல்ட் மறு பக்கத்துச் சட்டத்தில் உரசி ஓரம் பிய்யும்.

கரண்ட் பக்கம்

இது நிறுத்தத்துக்குக் காரணம் இல்லை, ஆனால் வீட்டில் எனக்குப் பயம் தந்தது இதுதான். வீடு சுனாமிக்குப் பிறகு கட்டியது. வயரிங் அந்தக் காலத்து வட்டக் குத்தி பிளக்குக்கு. மெசினில் இருப்பது 13 அம்பியர் சதுரக் குத்தி பிளக். விறாந்தையில் ஒரு 5 அம்பியர் வட்டச் சொக்கட். அதில் ஓர் அடப்டர், அடப்டரில் மெலிந்த வயருள்ள ஒரு நீளக் கோட் (எக்ஸ்டென்ஷன் வயர்), கோட்டின் முனையில் ட்ரெட்மில். சும்மா இருக்கும்போது 226 வோல்ட். சேர் நடந்தபோது மெசின் முனையில் 219. போன 7 வோல்ட் வயரிலும் அடப்டரிலும் சூடாகிப் போனது. அடப்டரைக் கழற்றினால் ஒரு குத்திக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் பழுப்பாகிச் சுருங்கியிருந்தது. கோட் மிச்சத்தைச் சுருட்டிப் பாய்க்கடியில் வைத்திருந்தார்கள், சுருட்டிய கோட்டுக்குச் சூடு போக வழியே இல்லை.

மெசினை உள் அறைக்கு மாற்றச் சொன்னேன். விநியோகப் பெட்டியிலிருந்து 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் தனி இணைப்பு, 13 அம்பியர் சதுரச் சொக்கட், நிலத்தொடுப்போடு. அதைத் தகுதியுள்ள மின்வேலைக்காரர் செய்து கொடுத்தார். ட்ரிப் சுவிட்ச்சின் சோதனைப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தார், விழுந்தது. உப்பு ஈரம் ஏறிய மோட்டரில் கசிவு வந்தால் அதுதான் காப்பாற்றும், அடிக்கடி விழுகிறது என்று அதைத் தவிர்த்து நேரே வயர் கட்டி ஓடவிடுபவர்களை எனக்குத் தெரியும். நடந்து முடிந்தால் சுவர் சுவிட்ச்சை நிறுத்தி வைப்பது நல்லது. கரண்ட் போய்த் திரும்ப வரும் கணத்தில் ஏறும் வோல்ட் போர்டுக்கு நல்லதல்ல.

அறைக்குள் வைக்கும்போது பின்னால் இரண்டு மீற்றர் வெறுமையாக விட வேண்டும். விழுந்தால் ஆள் பின்பக்கம்தான் போவார், அங்கே சுவரோ அலுமாரியோ இருந்தால் பெல்ட்டுக்கும் அதற்கும் நடுவில் மாட்டுவார். ஆள் விழுந்தால் இழுபட்டு மெசினை நிறுத்தும் பாதுகாப்புச் சாவியின் கயிற்றைச் சேர் ஒருநாளும் சட்டையில் மாட்டியதில்லை, சாவி நிரந்தரமாகச் செருகியபடி கிடந்தது. விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வரும் வீடு அது. இப்போது சாவி டீச்சரின் அலுமாரியில்.

ஒயில் எப்போது போடுவது என்று டீச்சர் கொப்பி எடுத்து எழுதிக்கொண்டார். கையேட்டில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்று இருக்கிறது. தேதி பார்த்து ஊற்ற வேண்டாம், மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெல்ட்டுக்கடியில் கையை விட்டுப் பாருங்கள் என்றேன். விரலில் வழுவழுப்பு இருந்தால் விடலாம், காய்ந்திருந்தால் போடலாம். கச்சான் காலத்தில் பெல்ட்டின் மேற்பக்கத்தை ஈரத்துணியால் துடைப்பது ஒயிலை விட முக்கியம். வெளியே போட்ட செருப்போடு ஏறவே கூடாது. மோட்டர் மூடியைத் திறந்து தூசி எடுப்பது வருடத்துக்கு ஒருமுறை, மாரி முடிந்த கையோடு.

ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. பெல்ட்டை இரண்டு வருடம் அளவுக்கு மிஞ்சி இறுக்கி வைத்திருந்ததில் முன் உருளையின் பேரிங் அடிபட்டிருக்கிறது. மெசினை நிறுத்தி, சின்ன பெல்ட்டைக் கழற்றி, உருளையைக் கையால் சுற்றினால் இடப் பக்கத்தில் மெல்லிய கரகரப்பு. இப்போதைக்கு ஓடும். சத்தம் தாளத்தோடு வரத் தொடங்கினால், அல்லது உருளையின் முனை கை பொறுக்காத சூடானால், பேரிங்கை மாற்ற வேண்டும். இலக்கம் பேரிங்கின் பக்கத்திலேயே வெட்டியிருக்கும், அதைச் சொன்னால் டவுனில் எடுக்கலாம். ஆனால் இதில் பேரிங் உருளைக்குள் அழுத்திப் பொருத்தியது, சுத்தியலால் தட்டி எடுக்க முடியாது, இழுப்பான் உள்ள லேத் பட்டறைக்குத்தான் உருளையைக் கொண்டுபோக வேண்டும். போர்ட்டுக்கென்று மகன் ஒதுக்கிய காசில் ஒரு பங்கை அதற்கு வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.